நடந்து காட்ட வந்த விருந்தாளி

மோகனசுந்தரத்தின் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே முப்பது அடித் தூரமே இருந்தது. தோட்டத்துக் கொய்யா மரத்தடியில் நிறுவனம் அமைத்துக் கொடுத்த அந்த அறைக்குள் காலை ஒன்பது மணிக்கு அவன் நுழைந்துவிட்டால், மாலை ஆறு மணிவரை கதவு திறக்காது. சன்னல் கண்ணாடியிலும் தோட்டத்துக்குப் பதிலாகத் தலைமை அலுவலகத்து நீரூற்றின் நேரலைக் காட்சியே தெரியும். மனைவி தமயந்திகூட அங்கே வெளியாள்தான்.

பதினொரு மணிக்கு அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஏனுங்க, பாப்பா நடக்குறாளுங்க. உங்க சன்னலுக்கு நேராத்தான் நடக்குறா."

அவன் ஆவலோடு எழுந்து பார்த்தான், நீரூற்றுதான் தெரிந்தது. "எனக்கு ஒண்ணுந் தெரியலியே. சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் நிறுத்தி வெய்யி."

"நிறுத்தி வெக்கறதுக்கு அவ என்ன பஸ்ஸுங்களா? இருங்க, முறையாவே அனுப்பி வெக்கறேன்."

சற்று நேரத்தில் அவனுடைய திரையில் விருந்தினர் விண்ணப்பம் ஒன்று வந்து நின்றது. பெயர்: நறுமுகை. வயது: பதினொரு மாதம். வருகையின் நோக்கம்: நடந்து காட்டுதல்.

அவன் ஒப்புதல் அளித்ததும் கதவு திறந்தது. நறுமுகை தள்ளாடியவாறு நான்கு அடி எடுத்து வைத்து, அவனுடைய முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

அனுமதி பெறாத தமயந்தி கதவுக்கு வெளியே நின்றவாறே கேட்டாள்: "பாத்தாச்சுங்களா? தூக்கிட்டுப் போகட்டுங்களா?"

"தூக்காத. விருந்தாளிய வாசல் வரைக்கும் ஊழியரே கொண்டுபோயி விடோணும்னு விதி இருக்குது."

அவ்வாறே அவன் மகளின் விரலைப் பிடித்து வீட்டு வாசல் வரை அழைத்துச் சென்றான். விருந்தாளி வழியில் எறும்புகளைப் பார்வையிட்டாள். உதிர்ந்த கொய்யா இலைகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக அவனிடம் ஒப்படைத்தாள். முப்பது அடியைக் கடக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அத்தனையும் பணி நேரமாகவே பதிவாயிற்று.