லாஸ்ட் என்றால்

மொட்டைமாடிக் கொடியில் ஆண் சட்டை ஒன்று சொட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரம்மா அதன் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். கீழ்வீட்டு இங்கிலீஷ் டீச்சர் குடிவந்த அன்று, "ஐ லாஸ்ட் மை ஹஸ்பண்ட்" என்று சொல்லித் தலைகுனிந்தாள். பாவம், புருஷனைப் பறிகொடுத்தவள் என்று மேற்கொண்டு கேட்காமல் சாவியைக் கொடுத்தாயிற்று. டீச்சர் வாளியோடு மேலே வருகிறாள்.

"யார் சட்டைம்மா இது?"

"அவரோடதுக்கா. பீரோவுல ஒரே வாடை, அலசிப் போட்டேன்."

"செத்தவர் சட்டையையா?"

கிளிப்பை எடுத்த கை அப்படியே நிற்கிறது. "செத்துட்டார்னு நான் சொல்லலையேக்கா."

"பூசி மெழுகாதே. லாஸ்ட்னா என்ன அர்த்தம்? போயிட்டாரா, ஓடிட்டாரா?"

"வேலைக்குன்னு கிளம்பினவர், திரும்பலை. இருக்காரா இல்லையான்னே தெரியலை. தமிழ்ல சொன்னா இழந்துட்டேன்னு சொல்லணும், இல்லேன்னா தொலைச்சுட்டேன்னு சொல்லணும். எதைச் சொல்றது?"

வீட்டுக்காரம்மா அவள் முகத்தையே உற்றுப் பார்க்கிறாள். கண் கலங்கவில்லை, அதுதான் உறுத்துகிறது. ஈரச் சட்டை காற்றில் பட்பட்டென்று அடித்துக்கொள்கிறது. கீழே தெருவில் யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம் கேட்டதும் டீச்சர் பேச்சை விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவருக்கு ஓடி எட்டிப் பார்க்கிறாள். யாரோ ஒரு ஆள். மெல்லத் திரும்பி வருகிறாள்.

"ஆள் எப்படி இருப்பார்?" என்கிறாள் வீட்டுக்காரம்மா. "நாள் முழுக்க ஜன்னல்லதானே உட்கார்ந்திருக்கேன்."