ஓவியர் சொன்ன குறை

"வணக்கம் சார். எங்க ஓவியத் தளத்துல என்ன குறைன்னு படம் போடுற எல்லார்கிட்டயும் கேட்டுட்டு வர்றோம். தயங்காம சொல்லுங்க" என்றாள் அவள், ஹெட்போனைச் சரிசெய்தபடி.

"ஒரே குறைதான் மேடம். அந்தப் படத்தைப் போடவிடாம உங்க தளம் என்னைத் தடுத்திருக்கணும்."

"எந்தப் படம்?"

"ஒரு பொண்ணு வாயைத் திறந்துட்டுத் தூங்குமே, அது. என் வீட்டுக்காரிதான்."

"ஊரே லைக் போட்ட படமாச்சே!"

"ஊர் போட்டு என்ன பிரயோஜனம்? அவ என்கூடப் பேச்சையே நிறுத்திட்டா."

"அவங்களைக் கேட்டுட்டா போட்டீங்க?"

"கேட்டா விடுவாளா?"

"சார்!" அவள் குரல் உயர்ந்தது.

"தப்புதான் மேடம். இப்பவே எடுத்துடறேன். படத்துல இருக்குற ஆளைக் கேட்காம யாரும் படம் போட முடியாதபடி செஞ்சிடுங்க. அப்படியே மன்னிப்பு கேட்க ஒரு பட்டனும் வையுங்க."

"அதுக்கெல்லாம் பட்டன் கிடையாது. நேர்ல போய்த்தான் கேட்கணும்."

"மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா?"

"மாட்டாங்க. போய்த்தான் பாருங்களேன்." அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

கதவு தட்டும் சத்தம் ஹெட்போனிலும் அவள் முதுகுக்குப் பின்னாலும் ஒருசேரக் கேட்டது.

"தாழ்ப்பாள் போடலைங்க. போனை வச்சுட்டு உள்ள வாங்க" என்றாள் மனைவி. "மீதியை ஆபீஸ் லைன்ல திட்ட முடியாது!"