ஏழு தலைமுறைப் பெயர்

“முடிவாச் சொல்லிட்டன். மூத்த ஆம்பிளைப் பிள்ளைக்குக் கதிர்காமத்தம்பி. வேற கதை இல்லை!”

இரவிச்சந்திரன் மேசையில் தட்டிய தட்டில் பால் போத்தல் சரிந்து உருண்டது. பிறந்து இருபத்தெட்டு நாளாகியும் பெயரில்லாமல் தொட்டிலில் கிடந்த மனிதர் கண்ணைத் திறந்து பார்த்தார். இது தமக்குச் சம்பந்தமில்லாத விவகாரம் என்று கண்டதும் மறுபடி உறங்கிவிட்டார்.

“மெல்லக் கதையுங்கோ,” என்றாள் வினோஜா. பிறப்புப் பதிவுப் படிவம் அவள் முன்னால் விரிந்து கிடந்தது. “முப்பது நாளுக்குள்ள அனுப்ப வேணும். இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. லெயோ எண்டு வைப்பம். ரெண்டே எழுத்து. ஆருக்கும் நாக்குச் சுளுக்காது.”

“லெயோவோ? பக்கத்து வீட்டு நாய்க்கும் உந்தப் பேர்தான்!”

“அந்த நாய் கூப்பிட்ட உடனை ஓடி வருது. கதிர்காமத்தம்பி எண்டு நான் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பிள்ளையின்ர பஸ் போயிடும். எங்கட பியர்பொன்ட்ஸ் ஊரில அடுத்த பஸ் எப்ப வரும் எண்டு உங்களுக்கே தெரியும்.”

இரவிச்சந்திரன் கைபேசியை எடுத்தார். ‘கதிர்காமத்தம்பி வம்சம்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் அறுபத்துமூன்று பேர். ஸ்காபரோவில் இருக்கும் பெரியப்பா விடிந்ததிலிருந்து குரல் பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தார். ஒன்றை அழுத்தினார்.

“தம்பி, ஏழு தலைமுறையா வாற பேரடா! முதலாம் கதிர்காமத்தம்பி கோயிலுக்குத் தேர் செய்து குடுத்தவர். ரெண்டாமவர் வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால சால்வை இறக்காதவர்...”

“மூண்டாமவர்?” என்று கேட்டாள் வினோஜா.

“அவர்... அவரைப் பற்றிப் பெரியப்பா ஒண்டும் சொல்லேல்லை.”

“சரி, இந்த அறுபத்துமூண்டு பேரில ஆர் தன்ர பிள்ளைக்கு இந்தப் பேரை வைச்சது? உங்கட பெரியப்பாவின்ர பேரப்பிள்ளையளின்ர பேர் என்ன?”

இரவிச்சந்திரன் தொண்டையைச் செருமினார். “ஜேடன், ஏய்டன், பிரேடன்.”

“வம்சம் முழுக்க டன் டன் எண்டு மணி அடிக்குது. தேரை மட்டும் என்ர பிள்ளை தனிய இழுக்க வேணுமோ?”

“ஒருத்தரும் இழுக்காட்டி அது நிண்டிடும் வினோ.”

“அந்த ‘வினோ’வைச் சொல்லாதேங்கோ!” அவள் குரல் உயர்ந்தது. “இஞ்ச வந்து பள்ளிக்கூடத்தில சேர்ந்த முதல் நாள் வகுப்பு மதாம், பிரெஞ்சு ரீச்சர், அப்பிடித்தான் கூப்பிட்டா. முழு வகுப்பும் சிரிச்சது. வினோ எண்டா அவைக்கு வைனாம்; ஆறு வயசில எனக்கு அதுதான் பட்டம். இவனுக்கும் அது வேணுமோ? முந்தாநாள் நிறை பார்க்க வந்த நர்ஸிட்டை நீங்கள் சொல்லுற பேரை எழுதிக் காட்டினனான். ‘கத்தீ... கத்தீகா...’ எண்டு பாதி வழியில நிண்டிட்டு, ‘குழந்தை நல்ல வடிவு’ எண்டு கதையை மாத்திட்டா.”

“பழகுவினம். எங்கட றோட்டின்ர பேரைச் சரியாச் சொல்ல எனக்கு மூண்டு வருஷம் எடுத்தது. நான் பழகேல்லையோ?”

வினோஜா பெருமூச்சு விட்டாள். ஓர் அடி இறங்கி வந்தால் குறைந்துவிடாது என்று தோன்றியது.

“சரி, கதிர் எண்டு வைப்பம். தமிழும் ஆச்சு, சின்னதும் ஆச்சு.”

“என்ர பூட்டனை இடுப்போட வெட்டச் சொல்லுறீரோ?”

அவளுக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லாத கண்கள், எதிரே வளைந்து கொடுக்காத ஒரு மனிதர்.

“எந்தப் பேரைக் குடுத்தாலும் மனுசன் அதோட சீவிக்கப் பழகிடுவான். அது உங்களுக்குத் தெரியாததோ?”

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இரவிச்சந்திரன் குனிந்து, விழுந்து கிடந்த போத்தலை எடுத்தார். சட்டை நுனியால் துடைத்து மேசையில் வைத்தார். பிறகு தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் சுருட்டிய விரல்களுக்குள் தன் விரலை நுழைத்தார்.

“அதாலதான் கேக்கிறன்,” என்றார்.

இருபத்தெட்டு நாளில் அவர் இரைந்து பேசாத முதல் வாக்கியம் அது. வினோஜா பேனையைத் திறந்தாள். பிள்ளையின் பெயர் என்ற இடத்தில் கதிர்காமத்தம்பியை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். இங்கிலீஷில் பதினாறு எழுத்துகள். ஒன்றையும் வெட்டவில்லை.

“அனுப்புங்கோ, உங்கட வம்சத்துக்கு,” என்றாள்.

அவர் செய்தியைத் தட்டி அனுப்பியதும் குழுவில் கைதட்டல் படங்கள் மழையாகப் பொழிந்தன. இலண்டன் அத்தை அழுதாள். ஸ்காபரோ பெரியப்பாவின் குரல் தழுதழுத்தது: “குலப்பெருமையைக் காப்பாத்திட்டாய் மகனே! ஜேடனுக்கு உன்னைப் பற்றிச் சொல்லுறன். இங்கிலீஷிலதான் சொல்ல வேணும்.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். வினோஜா மீண்டும் படிவத்தைப் பார்த்தாள். அடுத்தது தகப்பனின் பெயர். அதைக் கண்டதும் இரவிச்சந்திரனின் சிரிப்பு நின்றது. எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவரிடம் கேட்காமலே அவள் ‘றொஷான் மரியதாசன்’ என்று எழுதினாள். இந்த நாட்டுக் காகிதங்களில் இன்றுவரை அவருக்கு அதுதான் பெயர். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் உயிர் தப்பி விமானம் ஏறியபோது அவர் கையில் இருந்த கடவுச்சீட்டின் சொந்தக்காரர், அவர்கள் இருவருமே ஒருநாளும் கண்டிராத யாரோ ஒரு மனிதர், கதிர்காமத்தம்பிக்குத் தகப்பனானார்.