மேலூர் தாண்டியாச்சு

சனி, ஞாயிறு இரண்டு நாளைக்குக் குடும்பத்தோடு மதுரை. இளவழகன் காரில் பெட்டிகளை அடுக்கும்போதே மதுரைத் தங்கை பூங்கோதையின் போன் வந்துவிட்டது.

“எங்கண்ணா வர்றீங்க?”

“மேலூர் தாண்டியாச்சும்மா!”

“மன்னிக்கவும்,” என்றது, பொய்யைப் பொறுக்காத அந்தப் புது மாடல் கார். “இன்னும் திருச்சி வீட்டு வாசலில்தான் நிற்கிறோம். அண்ணன் பல்கூட விளக்கவில்லை.”

இளவழகனுக்கு மானமே போயிற்று. கார் கதவுக்கு ஒரு உதை விட்டார்.

“அதானே பார்த்தேன்!” பூங்கோதை பிடித்துக்கொண்டாள். “நான் இங்க விடியறதுக்குள்ள குழம்பு, பொரியல், பாயசம் எல்லாம் பண்ணி வச்சுட்டு வாசலையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன்...”

“மன்னிக்கவும்,” என்றது அவள் வீட்டு அடுப்பு. “இன்று என்னை யாரும் பற்றவைக்கவே இல்லை.”

பூங்கோதையின் குரல் சட்டென்று இறங்கியது.

“மெதுவாவே வாங்கண்ணா.”

“சரிம்மா. உன் அடுப்பை நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு.”