துவக்கோடு ஒரு பேர்

"கடையிலை எல்லாம் எழுதி ஒப்பமும் வைச்சாச்சே பிள்ளை. பிறகும் ஏன் பொலிசிட்டைப் போறது?"

குவெஸ்தூரா வாசலில் ஞானசேகரம் நின்றுவிட்டார். பலெர்மோவின் அந்தப் பொலிஸ் அலுவலகத்துக்கு வதிவிட அனுமதிக்காக அவர் எத்தனையோ தரம் வந்திருக்கிறார். இன்றைக்கு வந்தது ஒரு கைத்துப்பாக்கிக்காக.

"அப்பா, கடையிலை எழுதினது வாங்கினதுக்கு," என்றாள் மகள் ஜெனனி. "இந்தத் துவக்கு இன்னாரிட்டை, இந்த வீட்டிலை இருக்கெண்டு மூண்டு நாளுக்குள்ளை நாங்களே வந்து சொல்லவேணும்."

"அப்ப அது பதிவுதானே?"

"ஓம், இதுதான் பதிவு. கடைக் கடதாசி பதிவில்லை."

அந்தச் சொல் அவரை உலுக்கியது. ஊரில் யாரோ துவக்கோடு சேர்த்துப் பேரைச் சொன்னதற்கே அவருடைய தமையனை இராணுவ ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

"பதக்கம் கிடைச்சது பெரிய சந்தோசம். ஒரேத்தோ வீதியிலை ஒரு தமிழ் வீடு விடாமல் கொண்டுபோய்க் காட்டினனான். ஆனால் எங்கடை பேரைத் துவக்கோடை எழுதிக் குடுக்க நெஞ்சு இடிக்குது."

பின்னால் நின்ற அவர் மனைவி குகனேஸ்வரி கைப்பையைத் திறந்து கடைக் கடதாசியை வெளியே எடுத்தார்.

"பெரியப்பாவின்ரை பேரை ஆரோ ஒளிச்சு நிண்டு குடுத்தவை. இதை நாங்கள் தலை நிமிந்து குடுக்கிறம். குடுக்காட்டித்தான் குற்றம் அப்பா. ரோமிலை நடக்கிற போட்டிக்கும் போகேலாது."

ஞானசேகரம் சட்டைக் கொலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு முதல் ஆளாகப் படியேறினார்.

உள்ளே, விஷயத்தைக் கேட்ட அதிகாரி எழுந்து ஜெனனியிடம் கை நீட்டினார்.

"சிசிலியின் பிஸ்டல் சாம்பியனா! வாழ்த்துகள் சிஞ்ஞொரீனா. பெயரைச் சொல்லுங்கள்."

"சாம்பியன் இவள் இல்லை," என்றார் ஞானசேகரம் இத்தாலியனில். குரலில் நடுக்கமே இல்லை. "பெயரைப் பிழையாக எழுதிவிடாதீர்கள், நான் எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன்."

துவக்குச் சுடும் கிளப்பில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போய், அங்கேயே குறி பார்க்கப் பழகிய மனைவியைத் தோளில் கைபோட்டு முன்னுக்குக் கொண்டுவந்தார். "கு - க - னே - ஸ் - வ - ரி."