பிரேக் தொடாதவர்

ஸ்டாண்டில் கழற்றி மாட்டியிருந்த சைக்கிள் சக்கரத்தின் ரிம்மின் மேல் நாணயம் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் டொக் என்றது.

மெக்கானிக் அக்கா கையை நிறுத்தினார். அதே இடத்தை மறுபடி தட்டினார். மறுபடியும் டொக்.

மகளையும் சைக்கிள்களையும் வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடித் தெருவைச் சுற்றிவிட்டு அப்போதுதான் கடைக்குள் நுழைந்த புயல், அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

புயல் என்பது சைக்கிள் குழுவில் அவருக்குக் கிடைத்த பெயர். வைத்தது மற்றவர்கள்தான். ஆனால் வைக்கும்வரை விடாமல் பேசியது அவர். மலை இறக்கத்தில் பிரேக்கைத் தொடுவதே இல்லையாம். பிரேக் பயந்தாங்கொள்ளிகளுக்காம். ஒவ்வொரு ஞாயிறும் அடிவாரத்தில் டீ ஆறுகிறவரை இதுதான் பேச்சு.

நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. எல்லாரும் இறங்கத் தொடங்கும்போது அவருக்கு மட்டும் ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். "நீங்க போங்க, நான் வந்து பிடிச்சிடறேன்" என்பார். கடைசி ஆளாக வந்து சேரும்போது, நடுவழியில் போன் வந்துவிட்டது என்பார். ஞாயிறு காலையில் புயலுக்கு மட்டும் ஏன் இத்தனை போன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எல்லாரும் நம்பினார்கள். மகளும் நம்பினாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பா வைத்திருக்கும் அதே கார்பன் சக்கரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். அதே கம்பெனி, அதே கறுப்பு. "நானும் உன்னை மாதிரிதாம்ப்பா, பிரேக்கைத் தொடமாட்டேன்" என்று அறிவித்தாள். மற்றவர்கள் உச்சியில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடுவாள். அவர்கள் இறங்கி வரும்போது அடிவாரத்தில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

குழு அவளுக்குக் குட்டிப் புயல் என்று பெயர் சூட்டியது. அப்பா பூரித்துப்போனது போல் காட்டிக்கொண்டார்.

உண்மையில் அவருக்கு உயிர் போய் உயிர் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி, கீழே பள்ளத்தில் மகளின் மஞ்சள் சட்டை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இறங்குவார்.

நாளைக்குப் போகப்போவது, குழு இதுவரை போனதிலேயே நீளமான இறக்கம். அதற்கு முன்னால் இரண்டு சைக்கிளையும் கடையில் காட்டிவிடலாம் என்று சொன்னது மகள்தான்.

இப்போது அவள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

போச்சு, தெரிந்துவிட்டது என்று நினைத்தார் புயல்.

மெக்கானிக் அக்கா ரிம்மின் பக்கவாட்டில், பிரேக் கட்டை உரசும் இடத்தில், கட்டைவிரலை மெல்ல ஓட்டினார். ஈரச் சுவரில் பெயின்ட் உப்புவது போல அங்கே லேசாக ஒரு மேடு.

"ஏதாவது குழியில இறங்கியிருக்கும்" என்றார் புயல்.

"குழின்னா விரிசல் விடும் சார். இது பிரேக் உரசின சூடு. உள்ள இருக்கிற பசை இளகி உப்பியிருக்கு." அக்கா இன்னொரு முறை விரலை ஓட்டினார். "அங்கங்க பிடிச்ச பிரேக் இல்ல இது. மேலேர்ந்து கீழ வரைக்கும் கையையே எடுக்கல. யாரோ பாவம், ரொம்பப் பயந்திருக்காங்க. இதைப் போட்டுக்கிட்டு நாளைக்கு இறங்கினா, டயர் தனியா வந்துடும்."

மகளின் முகம் வெளுத்தது.

புயல் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொன்னால், குழு வருஷம் முழுக்கச் சிரிக்கும். சொல்லாவிட்டால், இந்தப் பெண் நாளை அந்த மலையில் அப்பாவை நம்பி பிரேக் தொடாமல் இறங்குவாள்.

மானம் கிடக்கட்டும்.

"நான்தாம்மா. எனக்குப் பயம். முதல் வளைவு வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சிடுவேன், கீழ வந்துதான் விடுவேன். விரல் மரத்துப்போயிடும். லேஸும் அவிழல, போனும் வரல, எல்லாம் சும்மா. என்னைப் பாத்து நீ கத்துக்காதே. நாளைக்கு பிரேக் பிடிச்சே இறங்கு கண்ணு, யார் சிரிச்சாலும் பரவாயில்ல."

இதற்கு நடுவில் மெக்கானிக் அக்கா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார். சிரிப்பு வந்துவிடும் போலிருந்ததால் மறுபடி மூடிக்கொண்டார். இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருப்பதை நடுவில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

புயல் பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் எத்தனையோ ஞாயிறுகளுக்குப் பிறகு ஒழுங்காக மூச்சு வந்தது.

"சார்" என்றார் அக்கா. "உங்க சைக்கிளை நான் இன்னும் தொடவே இல்ல."

மேலிருந்து வரிசையாகத் தொங்கிய டயர்களை ஒரு கையால் ஒதுக்கிக் காட்டினார்.

பின்னால், புயலின் சைக்கிள் இரண்டு சக்கரங்களோடும் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில், முன் சக்கரம் இல்லாமல், மகளின் சைக்கிள்.

"எடுத்துட்டு வரட்டுமா? அதையும் தட்டிப் பாத்துடலாம்."

புயல் மெதுவாகத் திரும்பினார்.

குட்டிப் புயல் தரையில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல், மும்முரமாக ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

காலில் இருந்தது செருப்பு.