ஃபில்டரைக் கழற்றியது யார்?

"இந்த மாசத்துல இது மூணாவது தடவை பெரியவரே. பம்ப் நின்னா அடிக்கிற உங்க வீட்டு அலாரத்தைக் கேட்டுக் கேட்டு என் காதே அடைச்சுப்போச்சு."

வெண்டல் பம்ப் தொட்டியின் மூடியை நகர்த்திவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். முப்பது வருஷமாகச் செப்டிக் டேங்க் பம்ப் ரிப்பேர்தான் பிழைப்பு. பனி உருகுகிற ஏப்ரல் வந்தால் மூச்சுவிட நேரம் கிடையாது. இன்றைக்கு இது நாலாவது வீடு. போதும்டா சாமி என்றிருந்தது அவனுக்கு.

எதிரே எல்ராய், எண்பத்திரண்டு வயசு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

வாசல்படியிலிருந்து அவர் மனைவி ஆர்டிஸின் குரல் வந்தது.

"எல்ராய், உனக்கு எத்தனை தடவை சொல்றது? கையில கிடைச்சதையெல்லாம் டாய்லெட்ல போட்டு தண்ணியைத் திறந்து விடறியே, அறிவு வேண்டாம்?"

"ஆமா ஆர்டிஸ். நான்தான். மறந்துட்டேன்."

"மறந்துட்டாராம். அறுபது வருஷமா இதே பாட்டு."

கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டு வாங்க வேண்டியவர்தான் என்று வெண்டல் நினைத்துக்கொண்டான்.

மெயினை அணைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்து பம்பை மேலே இழுத்தான். அடியில் விசிறியைச் சுற்றி ஒரே துணி, முறுக்கிக்கொண்டு கல்லாக இறுகிக் கிடந்தது. கத்தியால் அறுத்து அறுத்து எடுத்துப் புல்லில் போட்டான்.

அவனுக்கு இப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. வீட்டுக் கழிவு விழும் பெரிய தொட்டியிலிருந்து இந்தப் பம்புக்கு வெறும் தண்ணீர்தான் வர வேண்டும். மற்றதைத் தடுக்கத்தான் நடுவில் ஃபில்டர் இருக்கிறது. போன வருஷம் அவன் கையால் மாட்டியது. எழுந்து போய் அந்தப் பெரிய தொட்டியைத் திறந்து பார்த்தான். ஃபில்டரைக் காணோம்.

"ஃபில்டர் எங்கே?"

"ஷெட்ல இருக்கு."

"யார் கழட்டினா?"

"நான்தான்."

வெண்டலுக்கு வந்தது பாருங்கள் கோபம்.

"தெரியாம ஒண்ணைப் போட்டா மன்னிச்சுடலாம். வேணும்னே ஃபில்டரைக் கழட்டினா என்ன அர்த்தம்? என்னைப் பார்த்தா உங்களுக்கு மனுஷனா தெரியலையா? மில்வாக்கியிலேர்ந்து உங்க பொண்ணு ஜோலின் என்ன சொல்லியிருக்கா தெரியுமில்ல? 'அப்பாவுக்குப் புத்தி தடுமாறுது, இன்னொரு தடவை அலாரம் அடிச்சா எனக்கு போன் பண்ணுங்க, வீட்டை வித்துட்டு ரெண்டு பேரையும் முதியோர் இல்லத்துல சேர்த்துடறேன்'னா. நானும் சரின்னுட்டேன்."

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஜோலின் நம்பரைத் தட்டினான்.

"வேண்டாம் வெண்டல். அங்க எங்களை ஒண்ணா இருக்க விடமாட்டாங்க."

"அது ஃபில்டரைக் கழட்டும்போது தெரிஞ்சிருக்கணும்."

மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது. எல்ராய் சட்டென்று முன்னால் வந்து, புல்லில் கிடந்த ஒரு துண்டை பூட்ஸால் மறைத்தார். மறைத்தது போதவில்லை. பெண்கள் போடுகிற மெல்லிய காலுறை. பக்கத்தில் லேஸ் வைத்த கைக்குட்டை. அதற்கும் பக்கத்தில் இன்னொரு காலுறை.

வெண்டல் அதைப் பார்த்தான். பிறகு சாத்திய கதவைப் பார்த்தான்.

"ஃபில்டர் இருந்தா அது அடைச்சுக்குது," என்றார் எல்ராய், மெதுவாக. "தண்ணி பாத்ரூமுக்கே திரும்பி வந்துடுது. பார்த்த உடனே, தான் போட்டதுதான்னு அவளுக்குத் தெரிஞ்சுபோகுது. பிப்ரவரியில ஒரு நாள் அந்த ஈரத்துலயே உட்கார்ந்துகிட்டு, 'எனக்கு என்ன ஆச்சு, எனக்கு என்ன ஆச்சு'ன்னு சாயங்காலம் வரைக்கும் அழுதா. என்னால பார்க்க முடியலைப்பா. ஃபில்டர் இல்லைன்னா எல்லாம் இங்க வந்துடும். இங்க வந்துட்டா அது என் தப்பு."

இத்தனை நாளும் இந்த மனுஷனையா விரட்டினோம் என்று வெண்டலுக்கு வெட்கமாக இருந்தது.

"ஹலோ, வெண்டலா? மறுபடியும் அப்பாதானா?" போனில் ஜோலின்.

"இல்லம்மா. தண்ணி ஏறினா பம்பை ஓட விடற மிதவை கெட்டுப்போச்சு. பழசு. போன வருஷமே நான் மாத்தியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, பம்பைத் தொட்டிக்குள் இறக்கினான். மெயினைப் போட்டதும் அது உறுமிக்கொண்டு ஓடியது. அலாரத்தின் சிவப்பு லைட் அணைந்தது.

"நாளைக்கு வந்து இந்தப் பம்பைச் சுத்தியே ஒரு வலை போட்டுடறேன். துணி அதுலயே நின்னுடும், வீட்டுப் பக்கம் திரும்பாது. வாரா வாரம் நானே வந்து எடுத்துட்டுப் போறேன். ஆனா ஒண்ணு பெரியவரே, அவங்க செஞ்சதுக்கு அவங்க கிட்டயே இப்படித் திட்டு வாங்கணுமா? கொஞ்சம் எதிர்த்துத்தான் பேசுங்களேன்."

கதவு திறந்தது.

"எல்ராய், அந்தச் சேத்து பூட்ஸோட உள்ள வந்தே, அவ்வளவுதான் சொல்லிட்டேன்."

எல்ராயின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கேட்டியா வெண்டல்? காலையில காபி போட்டுக் கொடுத்தேன். 'ரொம்ப நன்றி, நீங்க யாரு?'ன்னா. திட்டும்போது மட்டும்தான்ப்பா அவளுக்கு என் பேரு ஞாபகம் வருது."